கடைசிப் பெயருக்குப் பின் ஓர் என்டர்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து நிவேதா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணா, உங்க பழைய ஸ்கிரிப்டைப் படிச்சிட்டிருக்கேன். பைலை வரி வரியாப் படிக்கிற இடத்துல while read-க்குப் பின்னாடி ஒரு வால் தொங்குது. அதை எடுத்துட்டுப் பாத்தேன், சரியாத்தான் ஓடுது. எடுத்துடவா?"

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த தாய்சேய் நலத் திட்டத்தின் கணினி வேலையை இப்போது நிவேதாவின் கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் எல்லாம் செல்போன் ஆப் ஆகிவிடும், அதுவரை பழைய ஸ்கிரிப்ட்தான் ஓடும். அதனால் செம்மேட்டு அலுவலகத்தில் என் இடம் தேவைப்படவில்லை. வழியனுப்பிய அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜீப் ஓட்டும் மாரியண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முப்பத்தோரு வயசுல ரிட்டயர்டு ஆன மொத ஆளு நீதான் சாமி. பென்சன் மட்டும்தான் இல்ல" என்றார். அந்தக் கணக்கில் நான் ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதைப்போல எழுதவும் எனக்கு உரிமை வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

நிவேதாவுக்கு உடனே, "எடுக்காதீங்க" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் என்பது செல்போன் திரையில் அடங்காது. அவருக்கும், அவருக்குப் பிறகு அந்த வரியைப் பார்த்து முகம் சுளிக்கப்போகிறவர்களுக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஆலத்தூர் நாட்டில் எங்களுடையது காட்டு ஊடு. ஊர் ஒரு பக்கம் இருக்கும். நிலத்தோடு சேர்த்து மேட்டில் தனியாகக் கட்டிக்கொண்ட வீட்டைத்தான் அப்படிச் சொல்வோம். அப்பா குச்சிக்கிழங்கும் சாமையும் போடுவார், மரங்களில் மிளகு ஏற்றியிருப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விடுதியில் தங்கிப் படித்து, கீழே இறங்கி ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முடித்தேன். நான் என்ன படித்தேன் என்று யாராவது கேட்டால் அப்பா, "கம்ப்யூட்டர்ல ஏதோ, தப்பா ஒண்ணும் இல்லீங்க" என்பார்.

கல்லூரியில், கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு பாடம் இருந்தது, பரீட்சைக்குப் படித்தேன், மறந்தேன். வேலையில் சேர்ந்த பிறகுதான் அது பிடிபட்டது. அதுவும் அவமானப்பட்டுத்தான். நாடுகளின் பெயர்கள் இருந்த ஒரு பைலை எடுத்து, ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை கர்ப்பிணிகள் என்று ஓர் அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த for என்பதைப் போட்டு எழுதினேன். அது வரி வரியாகப் படிக்காது, இடைவெளி கண்ட இடத்தில் எல்லாம் வெட்டும் என்பது எனக்கு நினைவில் இல்லை. எங்கள் மலையிலோ எல்லாப் பெயரும் நாடு என்றுதான் முடியும். ஆலத்தூர் ஒரு வரி, நாடு ஒரு வரி, வளப்பூர் ஒரு வரி, மறுபடியும் நாடு ஒரு வரி என்று அறிக்கை நீண்டுகொண்டே போனது.

ஒருங்கிணைப்பாளர் இருதயராஜ் சார் அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "செல்வராசு, இந்த 'நாடு'ங்கிற ஊர் எங்கப்பா இருக்கு? எல்லா ஊருக்கும் பக்கத்துலயே இருக்கே. அங்க ஒருத்தர்கூட கர்ப்பமா இல்லையே" என்றார். சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் while read எழுதப் பழகினேன்.

அது எளிமையான சங்கதி. ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர் வேலையை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்களே, அதுதான். ஒரு வரியை எடு, அதற்கு ஆகவேண்டியதைச் செய், அடுத்த வரியை எடு. வரி தீர்ந்தால் நிறுத்து. எங்கள் திட்டமே இந்த ஒரு சுற்றின்மேல்தான் நடந்துகொண்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் எனக்கு முன்பே போய்விட்டார்கள். நான் அதைப் பராமரிக்க வந்தவன்.

நடைமுறை இதுதான். செவிலியர் தன் பகுதியின் ஊர்களுக்கு மாதம் ஒருமுறை நடந்து போவார். கர்ப்பமாக இருப்பவர்களைப் பார்த்து, பெயர், செல்போன் எண், அடுத்து என்ன பரிசோதனை என்பதைக் குறித்துவருவார். அலுவலகத்தின் முன்னறைக் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து, ஊருக்கு ஒரு பைல், ஆளுக்கு ஒரு வரி என்று அடிப்பார். பின்னறையில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு ஏற்றிவர ஒரு ஊருக்கு வண்டி போகும் நாளுக்கு முந்தின நாள் மாலை அதில் ஸ்கிரிப்ட் ஓடும். அந்த ஊரின் பைலை வரி வரியாகப் படித்து ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போடும். கூடவே மாரியண்ணனுக்கு ஒரு சீட்டையும் அடித்துத் தரும். சீட்டில் இருக்கிற பெயர்களுக்காக அவர் முச்சந்தியில் காத்திருப்பார். சீட்டில் இல்லாதவருக்காகக் காத்திருக்க அவருக்கு வழியில்லை. மேலே அடுத்த ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

போனில் வரும் குரல் மல்லிகா அக்காவுடையது. "வணக்கமுங்க, நான் நர்சு மல்லிகா பேசறேன். நாளைக்குக் காலைல வண்டி வருதுங்க. அட்டையை மறக்காம எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருங்க. வெறும் வயித்தோட வராதீங்க." ஒருமுறை பதிவு செய்ததுதான், ஆனாலும் பெண்கள் அதற்குப் பதில் சொல்வார்களாம், "வாரேனுங்க்கா" என்று. மல்லிகா அக்காவின் ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். செம்மேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார், சனிக்கிழமை இறங்கிப்போவார். எங்களைப்போல அவருக்கும் ஒப்பந்த வேலைதான், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும்.

இருதயராஜ் சாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திருச்சிப் பக்கத்துக்காரர். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். மூங்கில் கூடை விற்க வந்தவருக்கும் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அது எத்தனை நேரம் ஆனாலும் பதில் வரும்வரை துடைத்துக்கொண்டிருப்பார். மெமோ கொடுக்க வேண்டியிருந்தால் முதலில் பென்சிலில் எழுதி மேசை இழுப்பறையில் வைப்பார். சில நாள் கழித்து எடுத்துப் படிப்பார். அப்போதும் சரியென்று பட்டால் பேனாவில் எழுதிக் கையெழுத்திடுவார். பேனாவில் எழுதியதை அவர் திரும்ப வாங்கியதே இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதனால் சார் பென்சில் சீவுவதைப் பார்த்தாலே அலுவலகம் அமைதியாகிவிடும்.

ஒரு நாள் காலை, ஓடைக்காட்டிலிருந்து சின்னராசு என்பவர் வந்து வாசலில் நின்றார். என் வயதுதான் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படியைத் தாண்டாமலே கேட்டார்.

"ஏனுங்க, அந்த வண்டி யாருக்குங்க?"

சார் எழுந்து நின்றார். "உள்ள வாங்க. கர்ப்பிணிகளுக்குத்தான்."

"அப்ப எம்பொண்டாட்டி வவுத்துல இருக்கறது என்னதுங்க?"

அவர் உள்ளே வராமலே சொன்னார். மனைவி பூங்கொடிக்குக் காலெல்லாம் வீங்கி, தலைவலி தாங்காமல் போயிருக்கிறது. பலாப்பழம் ஏற்ற வந்த லாரியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். இரத்த அழுத்தம் மிக அதிகம், இரண்டு தடவை பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நாமக்கல்லுக்கு அனுப்பி, இப்போது அங்கே படுக்கையில் இருக்கிறாள்.

"ஊருக்குள்ள அத்தனை பேருக்கும் போன் வந்துதுங்க. வண்டி வந்துது, ஏத்திக்கிட்டுப் போச்சு. எங்களுக்கு வரல. போன மாசமும் வரல. எங்க ஊடு கடைசிங்க, மேடேறோணும். ஏற மாட்டாமத்தான எங்களை உட்டுட்டீங்க?"

தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மல்லிகா அக்கா நிமிர்ந்தார். "தம்பி, நான் ஏறி வந்தேன். உங்கம்மா கொய்யாப்பழம் குடுத்தாங்க. பூங்கொடிக்கு நான்தான பிரஷர் பாத்தேன்."

"வந்தீங்க. வரலைன்னு நானா சொன்னேன்? வந்துட்டுப் போயி எழுதல."

அவர் போன பிறகு சார் பழைய புகார்ச் சீட்டுகளை எடுத்துவரச் சொன்னார். போன் வரவில்லை என்று இதற்கு முன்பும் சில பேர் சொல்லியிருந்தார்கள். சிக்னல் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இப்போது வரிசையாக வைத்துப் பார்த்தபோது எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தார்கள். எல்லாமே காட்டு ஊடு, எல்லாமே ஊரின் கடைசி, எல்லாமே மல்லிகா அக்காவின் பகுதி. இன்னொரு செவிலியரான பரமேஸ்வரி அக்காவின் பகுதியில் ஒரு புகாரும் இல்லை.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. வெளியாள் யார் ஊருக்குள் வந்தாலும் முதலில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலுக்குப் போய் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்ற வீடுகள். அதனால் எந்தச் செவிலியரின் நடையும் ஊர்க்கவுண்டர் வீட்டில் தொடங்கி, வளவு வளவாக, அதாவது வீட்டுக்கூட்டம் ஒவ்வொன்றாகப் போய், மேட்டில் தனித்திருக்கும் காட்டு ஊட்டில்தான் முடியும். கடைசி வீட்டுக்காரர்கள் விடுபடுகிறார்கள் என்றால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. நடந்தவருக்குக் கால் வலித்தது, திரும்பிவிட்டார். நானே ஒரு காட்டு ஊட்டுப் பிள்ளை. சமவெளியான கீழ்நாட்டிலிருந்து வந்த அலுவலர்கள் எங்கள் மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை எங்கள் வாசலில் நின்றே பார்த்திருக்கிறேன்.

சார் என்னைக் கூப்பிட்டார். "பைலைப் பாரு. அந்தப் பொண்ணு பேரு இருக்கா?"

பார்த்தேன். இருந்தது. ஏழு பெயர்கள், ஏழாவது பூங்கொடி.

"அப்ப ஸ்கிரிப்ட் ஏன் கூப்பிடல? ஓட்டிப் பாரு."

மறுபடியும் ஓட்டினால் அந்தப் பெண்களுக்கெல்லாம் வீணாகப் போன் போகும். எனவே லினக்ஸ் கம்ப்யூட்டரில் vi என்ற எடிட்டரில் பைலின் பிரதி ஒன்றைத் திறந்து, ஏழு எண்களையும் அலுவலகத்தின் போன் எண்ணாக மாற்றிச் சேமித்து ஓட்டினேன். மேசையில் போன் மணியடித்தது. எடுத்தால் மல்லிகா அக்காவின் குரல். வைத்தேன், அடித்தது. ஏழு முறை. ஏழாவது பூங்கொடிக்கு உரியது. சீட்டிலும் ஏழு பெயர்கள் வந்தன.

"ஸ்கிரிப்ட் சரியாத்தான் இருக்குங்க சார்" என்றேன். உண்மை என்று நம்பித்தான் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "பேரு இன்னிக்கு இருக்கு. அன்னிக்கு இருந்துச்சா?"

புகார் வந்த பிறகு சேர்த்திருக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. அது முன்னறைவரை கேட்டது. மல்லிகா அக்கா எழுந்து வந்து கதவருகே நின்றார்.

"சார், பொய் எழுதறவளா இருந்தா நான் மேடே ஏற வேண்டியதில்லீங்களே. ஊர்க்கவுண்டர் ஊட்டுத் திண்ணைல உக்காந்து ஏழு பேரையும் கேட்டு எழுதிட்டு வந்திருப்பேன்."

அக்கா போன பிறகு சார் மேசை இழுப்பறையைத் திறந்து பென்சிலை எடுத்தார். அந்த மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட இருந்தன. மெமோ உள்ளவர்களுக்குப் புதுப்பிக்க மாட்டார்கள். அது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அவர் எப்போதும்போல வேலைக்கு வந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். மாரியண்ணன்தான் ஒரு நாள் என்னிடம் வந்து, "அந்தப் பொட்டியில என்னதான் நடக்குதுன்னு நல்லாப் பாரு சாமி. மல்லிகா மேடேறுனதை நான் கீழ வண்டியில உக்காந்து பாத்தவன். எறங்கறப்ப ஒருக்கா அட்டை கடிச்சு காலெல்லாம் ரத்தம்" என்றார்.

அது எனக்கு உறுத்தியது. நடந்தார், பார்த்தார், பழம் வாங்கித் தின்றார். இத்தனையும் செய்துவிட்டு ஒரு வரி அடிக்க மட்டும் ஒருவர் சோம்பல்படுவாரா? நான் மறுபடியும் பைல்களிடம் போனேன். இந்த முறை எதையும் திறக்கவில்லை. எந்தப் பைலில் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும் wc என்ற கட்டளையை எல்லாப் பைல்களுக்கும் கொடுத்தேன். பரமேஸ்வரி அக்காவின் பைல்களில், கண்ணுக்குத் தெரியும் பெயர்களும் கம்ப்யூட்டர் சொல்லும் வரிகளும் ஒத்துப்போயின. மல்லிகா அக்காவின் ஒவ்வொரு பைலிலும் ஒன்று குறைந்தது. ஓடைக்காட்டுப் பைலில் கண்ணுக்கு ஏழு பேர், கம்ப்யூட்டருக்கு ஆறு வரி. நான் எண்களை மாற்றிச் சோதித்தேனே, அந்தப் பிரதியில் மட்டும் ஏழு வரி.

அதில் எண்களைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை.

சாரிடம் போய், "சார், அக்கா டைப் அடிக்கறதை ஒருக்காப் பக்கத்துல இருந்து பாக்கோணும். எதுவும் சொல்லாம" என்றேன். சார் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்தார். முன்னறைக்குப் போய், தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓடைக்காட்டுப் பெயர்களைப் புதிதாக அடிக்கச் சொன்னார், எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அலுவலக எண்ணைப் போடச் சொன்னார். மல்லிகா அக்கா காரணம் கேட்கவில்லை. இரண்டு விரலால், ஆனால் வேகமாக அடித்தார். ஊர்க்கவுண்டரின் மருமகளில் தொடங்கினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஓர் என்டர். பூங்கொடியின் எண்ணில் கடைசி இலக்கத்தை அடித்ததும் கை நின்றது. பிறகு, கீழே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல டெலீட் பொத்தானை இரண்டு மூன்று முறை தட்டினார். தலையை ஆட்டிக்கொண்டு சேமித்தார்.

"அது எதுக்கு, கடைசியில தட்டினது?" என்றார் சார்.

"கீழ வெறும் வரி இருக்கக் கூடாதுங்க சார்."

"ஏன்?"

"நோட்டுலயே அப்படித்தானுங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல பெரிய சிஸ்டர் ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. கடைசிப் பேருக்குக் கீழ எடம் உட்டா, நம்ம போன பொறவு யாரு வேணும்னாலும் அதுல ஒரு பேரைச் சேத்துருவாங்க, பழி நமக்கு வந்துரும். கோடு போட்டு மூடிரோணும்னு. இதுல கோடு போட முடியாதுங்களே. அதான் எடமே இல்லாமப் பண்ணிடறது."

நான் பின்னறைக்கு ஓடினேன். பைலைத் திறக்காமல், தொடாமல், வந்தபடியே ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். முன்னறையில் போன் அடித்தது. சார் எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். அடுத்தது. அடுத்தது. ஆறாவதையும் கேட்டுவிட்டு வைத்தார். எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னொண்ணு வரோணுமே" என்றார் மல்லிகா அக்கா.

வரவில்லை.

கடைசி வரிக்குப் பின்னால் ஒரே ஓர் என்டர் தட்டச் சொன்னேன். மறுபடியும் ஓட்டினோம். ஏழு. பெயர்களை மாற்றி, ஊர்க்கவுண்டரின் மருமகளைக் கடைசியில் போட்டு, என்டர் இல்லாமல் ஓட்டச் சொன்னார் சார். இந்த முறை ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போன் இல்லை. சார் திருப்தியாகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினோம். பிறகு அவர் தன் மேசைக்குப் போனார், இழுப்பறையைத் திறந்தார், பென்சிலில் எழுதியிருந்த தாளை எடுத்து விரித்து வைத்து, ரப்பரால் முதல் வரியிலிருந்து அழிக்கத் தொடங்கினார். கிழித்துப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு வரியாக அழித்தார். கடைசியில் தூளை ஊதினார். அக்காவைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு எல்லாரோடவும் உக்காருங்கம்மா" என்றார்.

நடந்தது இதுதான். read என்பது ஒரு வரியின் முடிவை, அங்கே தட்டப்பட்ட என்டரை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கடைசிப் பெயருக்குப் பின் என்டர் இல்லையென்றால், அது பெயரை முழுக்கப் படித்துக் கையில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வரி முடியும் முன்பே பைல் முடிந்துவிட்டதால், "தீர்ந்தது" என்று சொல்லிவிடுகிறது. தீர்ந்தது என்ற சொல்லைக் கேட்டதும் while நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் பெயரை யாரும் பார்ப்பதில்லை. என் சோதனையில் ஏழும் ஒழுங்காக வந்ததற்குக் காரணம் vi. அது சேமிக்கும்போது கடைசியில் ஓர் என்டர் இல்லையென்றால், கேட்காமல் தானே சேர்த்துவிடும் பழக்கம் உள்ளது. பரமேஸ்வரி அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், வரி முடிந்தால் அவர் கை தானாக அடுத்த வரிக்குப் போய்விடும். ஆக, யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது, மல்லிகா அக்காவின் ஊர்களைத் தவிர.

அடுத்த நாள் சார் ஒரு சுற்றறிக்கை எழுதலாம் என்றார். எல்லாச் செவிலியரும் கடைசியில் ஓர் என்டர் தட்ட வேண்டும் என்று. நான் வேண்டாமென்றேன். சாரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நாளைக்குப் புதுசா ஒருத்தங்க வருவாங்க சார். மறந்துருவாங்க. ஒரு ஆளு ஒரு என்டரை மறந்தா மேட்டுல ஒரு பொண்ணுக்கு வண்டி வராதுன்னா, தப்பு அந்த ஆளு மேல இல்லீங்க."

சார் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. அப்ப நீ மாத்து."

அன்று சேர்த்ததுதான் நிவேதா சொல்லும் வால்:

while IFS= read -r line || [ -n "$line" ]; do

தீர்ந்தது என்று read சொன்னாலும், கையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்; இருந்தால் அதற்கும் ஆகவேண்டியதைச் செய்; பிறகு நிறுத்து. அவ்வளவுதான் அதன் பொருள்.

வேலை அதோடு முடியவில்லை. பழைய பைல்களை எல்லாம் எடுத்து, மல்லிகா அக்காவின் ஊர்களில் கடைசியில் நின்ற பெயர்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். சார் ஜீப்பைக் கொடுத்தார். "மெமோவை நான் அழிச்சுட்டேன். அங்க ஊர்க்காரங்க மனசுல போட்ட மெமோவை அவங்கதான் அழிக்கணும்" என்றார். அக்கா, மாரியண்ணன், நான் மூவரும் வீடு வீடாகப் போனோம். சில வீட்டில் குழந்தைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. சிலர், அதனால் என்ன, அம்மா வீட்டிலேயே பிரசவம் நல்லபடி ஆகிவிட்டது என்றார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். அந்த வாசலில் அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

ஓடைக்காட்டில் பூங்கொடி நாமக்கல்லிலிருந்து திரும்பியிருந்தாள். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை, துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நன்றாக இருந்தது. சின்னராசு எங்களைப் பார்த்தும் மரத்தில் ஏறி நின்று மிளகு பறித்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாதான் பாய் போட்டார். நான் எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அக்கா உங்கள் பெயரை எழுதினார், மெஷின் படித்தது, கையில் வைத்திருந்தது, ஆனால் கூப்பிடவில்லை.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "படிச்சுதுங்கற. கையில வெச்சிருந்துதுங்கற. கூப்புடலைங்கற. அப்ப அதுவும் ஆபீசராட்டந்தான் இருந்திருக்குது."

மல்லிகா அக்கா சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. மரத்தின்மேல் சின்னராசும் சிரிப்பது கேட்டது. மெல்ல இறங்கி வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அக்காவிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ஊருக்குள்ள எல்லாரும் சொல்லுவாங்க, மல்லிகாக்கா போன்ல பேசறாங்கன்னு. எங்க ஊட்டுக்கு ஒருக்காக்கூட வந்ததில்ல. அதுல என்னதானுங்க சொல்லுவீங்க?"

அக்கா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பதிவில் உள்ளபடியே, அதே இழுவையில் சொன்னார். "வணக்கமுங்க, நான் நர்சு மல்லிகா பேசறேன். நாளைக்குக் காலைல வண்டி வருதுங்க. அட்டையை மறக்காம எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருங்க. வெறும் வயித்தோட வராதீங்க."

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டே, "வாரேனுங்க்கா" என்றாள்.

மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவர் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார். இன்றும் கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் வரி விடுவதில்லை. மாற்றிக்கொள்ளச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நிவேதா, இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். வாலை எடுத்துவிட்டும் சரியாக ஓடியது என்றீர்களே, எந்தப் பைலை வைத்து ஓட்டினீர்கள் என்று நேற்று போனில் கேட்டேன். "நானே vi-ல டைப் பண்ணினதுண்ணா" என்றீர்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் சோதித்தேன். போன் போடும் கட்டளையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மல்லிகா அக்கா இந்த மாதம் அனுப்பிய பைலைத் திறக்காமல் அப்படியே கொடுத்து ஓட்டிப் பாருங்கள் என்றேன். காத்திருந்தேன். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம்.

"ஒருத்தர் கொறையுதுண்ணா" என்றீர்கள்.

வாலைத் திரும்பச் சேர்த்து ஓட்டிவிட்டு, கடைசியில் வந்த பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னீர்கள். எனக்குத் தெரியாத பெண். எந்த மேட்டில் எந்த வீடு என்றும் தெரியாது. நாளைக் காலை மாரியண்ணனின் சீட்டில் அந்தப் பெயர் இருக்கும். அவள் இறங்கி வரும்வரை அவர் வண்டியை எடுக்க மாட்டார்.